மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்த தாள்





நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் இவ்வாண்டு ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்திருந்தோம். "பாடம் தவிர பள்ளியிலோ வீட்டிலோ மஹல்லாவிலோ நீங்கள் தொடர்ந்து செய்துவரும் காரியம் என்ன?" என்பது அந்தக் கேள்வி. வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. சிலர் ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் "இல்லை" என்று எழுதி, அதன் கீழே "மன்னிக்கவும்" என்றும் எழுதியிருந்தாள்.

அந்த 'மன்னிக்கவும்' எங்களை உறுத்தியது. அவளையும் அவள் அம்மாவையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லிப் பேசினோம். பிளஸ் டூ மாணவி. அத்தாவுக்குச் சிறிய மளிகைக் கடை. இரவில் கடைக் கணக்கு எழுதுவது ஏழாம் வகுப்பிலிருந்து இவள்தான். யார் யாருக்குக் கடன், எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இவள் நோட்டில் இருக்கிறது. சனி, ஞாயிறு காலையில் மஹல்லா மக்தபில் சின்னப் பிள்ளைகள் இருபது பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். "இதையெல்லாம் ஏம்மா எழுதவில்லை?" என்று கேட்டோம். "அது வீட்டு வேலைதானே" என்றாள். பெங்களூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பதாகவும், அதிலும் இதே கேள்வி இருந்ததாகவும், அங்கேயும் 'இல்லை' என்று போட எண்ணியிருப்பதாகவும் சொன்னாள்.

அன்று அவள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. பாடத்துக்கு வெளியே பிள்ளைகள் செய்யும் காரியங்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே உதவும், எங்கே உதவாது, உதவ வேண்டுமானால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் உதவாத இடத்தைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் பேசும். மருத்துவத்துக்கு நீட். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும். பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாலும் பொதுப் பட்டியலில் அரைப் புள்ளி கூடாது. ஆகவே பாடத்தை மூடி வைத்துவிட்டு மைதானத்தில் நில் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளில் அதிகம் பேர் சேரப்போவது மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில்தான். அங்கே மதிப்பெண்தான் முதல் சாவி.

ஆனால் இதே கலந்தாய்வுகளுக்குள் வேறொரு வரிசையும் இருக்கிறது. பொறியியலில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பில் மாநிலம் முழுமைக்கும் 7 இடங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோரோடு விளையாட்டு வீரர்களும் என்.சி.சி. மாணவர்களும் அதில் வருகிறார்கள். நமக்குரிய 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி ஒவ்வொரு ஜும்ஆ மேடையிலும் பேசுகிறோம். இந்த வரிசையைப் பற்றி யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. இதில் நிற்பதற்கு எந்தச் சமுதாயம் என்று கேட்பதில்லை, எந்த அளவில் ஆடினாய் என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த 'அளவு' என்ன என்பதில்தான் நம் வீடுகளில் குழப்பம். பள்ளி விளையாட்டு குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறுகிறது. பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் என்று பி.டி. சார் சொல்வது இந்த ஏணியைத்தான். ஒதுக்கீட்டுக்குப் பயன்படுவது மேல்படிகளில் ஆடியது. குறுவட்டத்தில் முதல் பரிசு வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்து, அதை நம்பி விண்ணப்பித்துவிட்டுப் பிறகு ஏமாந்தவர்கள் உண்டு. மேல்படியில் ஆடியவர்களும் ஏமாறுகிறார்கள், காகிதம் சரியில்லாததால். வண்ணத்தில் அச்சிட்ட சான்றிதழ் மட்டும் போதாது. போட்டியை நடத்திய விளையாட்டுச் சங்கமோ பள்ளிக் கல்வித்துறையோ உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். போட்டி முடிந்த வாரத்திலேயே பி.டி. சாரிடம் கேட்டால் அது எளிது. மூன்று வருடம் கழித்து, சங்கத்தின் நிர்வாகிகள் மாறிய பிறகு, கலந்தாய்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அலைந்தால் கிடைக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மைதானத்தில் நிறுத்திக் கம்பு சுற்ற வைத்து, ஆளுக்கொரு 'உலக சாதனை' சான்றிதழும் பதக்கமும் மாட்டி அனுப்புகிறார்கள். பிள்ளைக்கு மகிழ்ச்சி, சரி. ஆனால் அந்தக் காகிதத்தை எந்தக் கலந்தாய்விலும் புள்ளிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு ஒரு நல்ல ஜோடி ஷூ வாங்கித் தரலாம்.

என்.சி.சி. பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் ஜூனியர் பிரிவில் இரண்டு ஆண்டு இருந்து தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ். சேர்க்கை எட்டாம் வகுப்பை ஒட்டி நடக்கிறது, பத்தாம் வகுப்பில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். கல்லூரியில் தொடர்ந்தால் 'பி', 'சி'. 'சி' சான்றிதழ் உள்ள பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலேயே ராணுவ அதிகாரி நேர்காணலுக்குப் போகும் தனி வழி இருக்கிறது.

இனி தமிழ்நாட்டுக்கு வெளியே. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் பொதுச் சேர்க்கைக்கு அடிப்படை. அதற்கு மேலதிகமாக, விளையாட்டுக்கும் கலைத்திறன்களுக்கும் கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறார்கள். விவாதம், வினாடி வினா, நாடகம், நுண்கலை முதலியவற்றோடு என்.சி.சி., என்.எஸ்.எஸ். ஆகியனவும் அந்தப் பட்டியலில் உண்டு. கலைத்திறன் பிரிவில் கியூட் மதிப்பெண்ணுக்கு 25 பங்கும், திறன் சோதனைக்கும் சான்றிதழ்களுக்கும் 75 பங்கும் என்று கணக்கிட்டு வருகிறார்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் படித்துவிட்டே இறங்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு தவிர வேறெதையும் பார்க்காதது என்று பெயர் வாங்கிய ஐ.ஐ.டி.யிலேயே இப்போது மாற்றம் வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு 2 கூடுதல் இடங்களை வைத்தது. அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும், கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் ஒரு பதக்கமாவது வென்றிருக்க வேண்டும். மறு ஆண்டே நுண்கலையிலும் பண்பாட்டுக் கலைகளிலும் சிறந்தவர்களுக்கு இதேபோல் இடம் ஒதுக்கினார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது எட்டும் என்று கேட்கலாம். இன்றைக்கு ஒருவருக்கும் எட்டாமல் இருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுக் கணக்கு என்றால் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த ஓட்டம் தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையோடு நம் மதுரையிலும் நடந்தன. ரேஸ்கோர்ஸ் மைதானம் நம் தெருக்களிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத் தூரம்தான்.

மேலே சொன்னவை எல்லாம் சான்றிதழைப் பார்ப்பவை. பிள்ளையையே பார்க்க விரும்பும் பல்கலைக்கழகங்கள் வேறு வகை. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வோடு நேர்காணல் உண்டு. அரியானாவின் சோனிப்பட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் மதிப்பெண், திறனறித் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றோடும், மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைகளையும் அவர் வகுப்புக்கு வெளியே செய்தவற்றையும் சேர்த்து எடைபோடுகிறார்கள். கட்டணம் அதிகம். ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள், விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும்.

இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் படிவத்தில் 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மாணவரின் சுயவிவரக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது இதற்கு எப்படி உதவியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்பட்டது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள்தாம். அங்கே பொதுவான திறமைகளைவிட, படிக்கப்போகும் பாடத்தோடு ஒட்டிய காரியத்துக்கு மதிப்பு அதிகம். மருந்தியல் படிக்க விரும்பும் பையன் மெடிக்கல் ஷாப்பில் விடுமுறைக்கு நின்றது அங்கே பேசும், வாங்கிய நடனப் பரிசு அவ்வளவாகப் பேசாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குமான பொது விண்ணப்பத்தில், செய்த காரியங்கள் 10 வரை எழுத இடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். அதில் காரியங்களை வகைப்படுத்தும் பட்டியலைப் பார்த்தபோதுதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். விளையாட்டு, இசை, விவாதம் ஆகியவற்றோடு 'ஊதியத்துக்குச் செய்த வேலை' என்று ஒரு வகை, 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒரு வகை, 'சமயம் சார்ந்தவை' என்றும் ஒரு வகை. அதாவது கடைக் கணக்கு எழுதியதற்கு இடம் இருக்கிறது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டதற்கு இருக்கிறது. மக்தபில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் இருக்கிறது. 'மன்னிக்கவும்' என்று எழுதிய பிள்ளையிடம் இருந்தவை இவைதாம்!

(வட்டிக்குக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறோமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் என்று வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.)

இப்படிப் படிவத்தில் கேட்பது எதற்காக என்று ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்னது இதுதான். மதிப்பெண் ஒரே மாதிரி இருக்கும் ஆயிரம் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, யாரும் சொல்லாமலே ஒரு காரியத்தை எடுத்து, அலுப்பு வந்த பிறகும் விடாமல் செய்த பிள்ளை யார் என்று தேடுகிறார்கள். அதனால் பத்துப் போட்டிகளில் ஒவ்வொரு முறை தலைகாட்டியதைவிட, ஒரே காரியத்தை நான்கு வருடம் செய்தது எடை கூடியது. நேர்காணலில் அடுத்தடுத்துக் கேள்வி வரும். கணக்கு எழுதினாய், சரி, கடன் திரும்பி வராத மாதம் என்ன செய்தீர்கள்? அந்த மாதத்தை வாழ்ந்த பிள்ளைதான் அதற்குப் பதில் சொல்ல முடியும். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த கட்டுரை அங்கே நிற்காது.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு முன்னோடியைப் பாருங்கள். டாக்டர் அப்துல் கலாம் ராமேசுவரத்தில் சிறுவனாக இருந்தபோது, உலகப் போர்க் காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்துத் தம் முதல் ஊதியத்தைப் பெற்றார். இது எல்லோருக்கும் தெரியும். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தபோது, கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு, நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. பரிசைக் கொடுத்தவர் அன்றைய ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். வகுப்பில் படித்ததை வகுப்புக்கு வெளியே, தாய்மொழியில் சொல்லிப் பார்த்த மாணவர் அவர். இன்றைய படிவங்கள் கேட்பது ஏறத்தாழ அதைத்தான்.

எங்கள் பங்குக்கு ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் பிளஸ் ஒன் சேர்ந்த ஒரு பையனை அவன் அத்தா எங்களிடம் அழைத்து வந்தார். நன்றாக ஹாக்கி ஆடுவான், பத்தாம் வகுப்பிலேயே மாநில அளவுக்குப் போய் வந்தவன். "ரெண்டு வருஷம் மட்டையை ஓரமா வை தம்பி, அப்புறம் ஆடிக்கலாம்" என்று குழுவில் இருந்த எல்லோரும் சொன்னோம். பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை. வைத்துவிட்டான். மதிப்பெண் அப்படியொன்றும் கூடவில்லை, முன்பு இருந்த அளவுதான் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது கடைசி இரண்டு வருடமும் வெறுமையாக இருந்தது. ஆடியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வரிசையில் நிற்கவே வழியில்லாமல் போனதற்கு எங்கள் பேச்சு காரணம் என்பதை உறுதியாகச் சொல்லலாம். இப்போது ஒரு கடையில் இருக்கிறான். வழியில் பார்த்தால் முதலில் ஸலாம் சொல்கிறவன் அவன்தான்.

அதற்குப் பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகளின் பெற்றோரிடம் நாங்கள் வேறு மாதிரி பேசுகிறோம். எல்லாவற்றையும் விடச் சொல்லாதீர்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு, ஐந்து மணி நேரம் போதும். அந்த நேரத்தைப் பிடுங்கினால் அது பாடத்துக்குப் போகும் என்று எண்ணுகிறோம். பல வீடுகளில் அது செல்போனுக்குத்தான் போகிறது.

நேரம் என்றவுடன் மக்தப் பற்றியும் பேசியாக வேண்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான் பள்ளி அணிகள் பயிற்சி எடுக்கின்றன. நம் மக்தபுகள் பலவும் அதே நேரத்தில் நடக்கின்றன. பிள்ளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் நிலை. ஒரு மஹல்லாவில் ஹஜ்ரத் அவர்கள், பயிற்சிக்குப் போகும் எட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பஜ்ருக்குப் பிறகு பாடம் வைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஏழு பேர் ஒழுங்காக வருகிறார்கள். மற்ற ஜமாஅத் நிர்வாகிகளும் இதை ஆலோசிக்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தயக்கம் இன்னும் அதிகம். தொலைதூரப் போட்டிக்கு அனுப்ப மனம் வராது, யார் துணை என்ற கேள்வி வரும். அந்தக் கவலையை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம், எங்களுக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. ஆனால் வெளியூர் போகாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், அறிவியலுக்கு வானவில் மன்றம், ஆண்டுதோறும் கலைத் திருவிழா எல்லாம் பள்ளி நேரத்திலேயே, பள்ளிக்குள்ளேயே தொடங்குகின்றன. மேல்நிலை வகுப்பில் என்.எஸ்.எஸ். இருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் இரண்டு முறை அம்மாவோடு போய்வந்து, படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைத்தால், மூன்று வருடத்தில் கட்டுரை கேட்கும் எந்த விண்ணப்பத்துக்கும் அவளிடம் சரக்கு இருக்கும். மைதானத்தை முற்றிலும் மூடிவிடவும் வேண்டாம். வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகை இல்லாத மஹல்லா நமக்குத் தெரிந்து இல்லை. அதைச் சுற்றி ஆண் பிள்ளைகள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. எட்டாம் வகுப்பு தொடங்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன செய்தாய், எந்தத் தேதியில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் சொல்லிக்கொடுத்தார்கள், எது சரியாக வரவில்லை என்று மாதம் ஒரு முறை பிள்ளையே எழுதட்டும். சான்றிதழ்களை அசலாக ஒரு உறையிலும் நகலாக ஒரு உறையிலும் வையுங்கள். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் பள்ளிப் பதிவில் உள்ளபடியே சான்றிதழிலும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நம் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு விதமாக எழுதிவிடுகிறார்கள். முகம்மது ஓரிடத்தில், மொஹமத் இன்னோரிடத்தில் என்றிருந்தால் சரிபார்க்கும்போது சிக்கல். மக்தபிலோ கடையிலோ செய்யும் வேலைக்குச் சான்றிதழ் கிடையாது என்று விட்டுவிட வேண்டாம். ஹஜ்ரத் அவர்களோ ஆசிரியரோ தேதியிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அது போதுமான ஆதாரம்.

அந்த மாணவி பெங்களூருக்கான விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பிவிட்டாள். கடைக் கணக்கைப் பற்றி அவளே எழுதினாள், நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம். முடிவு இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள மாணவ மாணவியரின் சான்றிதழ்களையும் விண்ணப்பங்களையும் பார்த்துத் தருகிறோம். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கமிருந்து வருபவர்கள் முன்னதாகத் தெரிவித்தால் மாலை வரை காத்திருக்கிறோம். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வரவேண்டும். அசலும் நகலும் கொண்டு வாருங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டவர்கள், இம்மாத இறுதிக்குள் நேரில் வந்து அதை நிரப்பிக் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்